ஆறில்லாத ஊரில் ஆற்றுப் பாடம்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் ஆச்சியும் நலம். உன் நலமறிய ஆவல். தினமும் போனில் பேசுகிறபோது கடிதம் எதற்கு என்று அம்மா கேட்கிறாள். போனில் உன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விசாரிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. நீ எழுதிய நீண்ட கடிதத்துக்கு நிதானமாகப் பதில் சொல்ல எழுத்துதான் தோது.

மாலத்தீவுக்கு ஆசிரியையாகப் போன புதிதில் உன் கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாய். வெள்ளியும் சனியும் விடுமுறையாகி ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் நடப்பதையும், தெருவில் ஒரு நாய்கூட இல்லாததையும், வலமிருந்து இடமாக எழுதும் ‘தானா’ என்ற அந்நாட்டு எழுத்தில் பழகிய சிறுவன் ஆங்கில நோட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி வைத்திருந்ததையும் வாசித்துக் காட்டியபோது ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிய புலம்பலை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடை அடிக்கிறது என்று நீ மூக்கைச் சுளிக்கும் அந்த உலர்ந்த சூரைமீன், தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் மாசி என்று விற்பதுதான்; அத்தை வீட்டில் மாசிச் சம்பலுக்காகவே மறுசோறு வாங்கியவள் நீ. வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று பெட்டியிலிருந்து எடுத்துவைத்த சின்னப் பிள்ளையாரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. போன இடத்துச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நீயே ஒரு வார்த்தை பேசு.

எனக்கு நெருடலாக இருந்தது வேறொரு வரி. ஆற்றைப் பற்றிய பாடத்தில் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை, இவர்களுக்குப் படிப்பில் அக்கறையே கிடையாது என்று எழுதியிருந்தாய். மகளே, அந்த நாட்டில் ஆறே இல்லை. மொத்த நாட்டிலும் இயற்கையாக அமைந்த மிக உயரமான மேடே சில மீட்டர்தான் இருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓயாமல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தே இராத பிள்ளையிடம் போய், ஆற்றின் இளமை நிலை, முதிர்ச்சி நிலை, முதுமை நிலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் அது எதைக் கேள்வி கேட்கும்? உனக்குப் பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கி, கால்வாய்களுக்குப் பிரிந்து கொடுத்து, புன்னைக்காயலில் கடலோடு சேரும் ஆறு, குளித்து விளையாடிய ஆறு. அவர்களுக்கு அது புத்தகத்தில் வரைந்த ஒரு நீலக்கோடு.

புதிதாகப் போனவர் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதுவது அந்தத் தீவுகளுக்குப் புதிதன்று. 1343 வாக்கில் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா அங்கே காஜியாக, அதாவது இஸ்லாமியச் சட்ட நீதிபதியாக, அமர்த்தப்பட்டார். வந்த வேகத்தில் ஊர் வழக்கத்தைத் திருத்தப் புறப்பட்டு, பெண்கள் மேலாடை அணிய வேண்டும் என்று கட்டளையிட்டும், தம் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களைத் தவிர வேறு எவரையும் மாற்ற முடியவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரே சமயத்தைச் சேர்ந்தவருக்கே அந்தப் பாடு என்றால், திருநெல்வேலியிலிருந்து போன உன் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஆற்றைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, அவர்கள் காலடியில் இருக்கும் தண்ணீரிலிருந்து தொடங்கு. திருச்செந்தூர் நாழிக்கிணற்றில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்று சிறுவயதில் என்னைத் துளைத்தெடுத்தாயே, கிட்டத்தட்ட அதே கேள்விதான் அங்கேயும். பவளத்தீவின் மணலுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. தீவின் நடுப்பகுதியில் தடிப்பாகவும் கரையோரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு உப்புக் கரைசலை ஊற்றி, நிறம் கலந்த நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகுவழியே மெதுவாக வழியவிட்டால் இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்பதைக் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் பார்க்கும். பிறகு 2004 சுனாமியில் கடல் ஏறி வந்தபோது கிணற்றுத் தண்ணீர் என்னவாயிற்று என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல். அன்றைக்கு யார் வாய் திறக்கிறார்கள் என்று பார்.

ஆற்றுக்கு வரும்போது பொருநையையே, நம் தாமிரபரணியையே, எடுத்துக்கொள். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, ஆறு கரைமீறி ஊருக்குள் வந்ததை நீ கண்ணால் பார்த்தவள். கடல் ஊருக்குள் வருவதைப் பற்றி வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, மலையிலிருந்து வந்த தண்ணீரும் வீட்டுக்குள் நுழையும் என்று சொன்னால் கேள்விகள் தானாக வரும். தாமிரபரணியின் படம் ஒன்றை, அணைக்கட்டுகளைக் குறித்து, கையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். புன்னைக்காயலுக்கு அப்பால் தாளில் இடம் விட்டிருக்கிறேன். அதில் அவர்கள் தீவையும் சுற்றியுள்ள பவளத்திட்டையும் அவர்களையே வரையச் சொல்.

அடுத்த கடிதத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுது. வெள்ளிக்கிழமை விடுமுறைதானே, காலையிலேயே கூப்பிடு. உங்கள் கடிகாரம் நமக்கு அரைமணி பின்னால் ஓடுகிறது என்பதை ஆச்சி இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா