மாப்ளைக்கு, ஆறாவது சிம்பொனி பத்தி

மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. பதில் எழுத உக்காருவேன், அம்மா போனதுலேருந்து ஒரு பாட்டும் கேக்க முடியலன்னு நீ எழுதியிருந்த வரியைப் பாத்துட்டு எழுந்து போயிருவேன். இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவளுக்கு வேலை கெடச்சிருச்சு, என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு.

ஒரு மாசமா ராத்திரி தூக்கம் இல்லாம ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியோட ஆறாவது சிம்பொனியைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், 'பத்தேதிக்'னு சொல்வாங்களே அது. காலேஜ்ல உன் ரூம்ல கேசட் போட்டோமே, மூணாவது பார்ட் மார்ச் மாதிரி தடதடன்னு ஏறி முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நீ நிறுத்திட்ட. கச்சேரிலயே அந்த எடத்துல நெறைய பேர் கை தட்டிருவாங்க. ஆனா விஷயமே அதுக்கப்புறம்தான் மாப்ள. வழக்கமா ஒரு வெற்றி முழக்கத்தோட முடிப்பாங்க, இவர் மெதுவா ஒரு ஒப்பாரியக் கொண்டுவந்து கடைசில வெச்சிருக்கார்.

அந்த ஒப்பாரி ஆரம்பிக்கிற எடத்துல ஒரு வேலை பண்ணியிருக்கார், தெரிஞ்சப்போ எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சு. படிப்படியா எறங்குற ஒரு மெட்டு நம்ம காதுல விழுதுல்ல, அதை யாருமே வாசிக்கல. ஒரு நோட்டு முதல் வயலின் கோஷ்டிக்கு, அடுத்த நோட்டு ரெண்டாவது கோஷ்டிக்குன்னு மாத்தி மாத்திக் குடுத்திருக்கார், தனித்தனியா கேட்டா ரெண்டும் ஒண்ணும் புரியாம மேலயும் கீழயும் தாவும், சேந்து வாசிச்சாதான் அந்த அழுகை வரும்.

முதல் பார்ட்லயும் அப்படித்தான், ஒரு மெட்டு தேஞ்சு தேஞ்சு போயி கடைசி நாலு நோட்டு பஸூன்ங்கற கட்டைக் குரல் குழல்ல வரும், சத்தத்தக் கொறைச்சு வாசிக்கச் சொல்ல ஆறு 'பி' எழுதியிருக்கார், மூச்சப் புடிச்சுக்கிட்டு கேட்டுட்டிருக்கறப்பவே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் தலையில இடி எறக்கும். எத்தனை தடவை கேட்டாலும் தூக்கிப் போடுது.

1893 அக்டோபர் 28 அன்னிக்கு பீட்டர்ஸ்பர்க்ல இதை முதல் தடவையா மேடையில அவரே நடத்தினார், ஒம்பதே நாள்ல போயிட்டார், வயசு 53. அதனால இதைச் சாவுக்கு முன்னாடி எழுதி வெச்ச சீட்டு மாதிரி பேசுறவங்க உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். பயணத்துல மனசுக்குள்ளயே இதைக் கட்டுறப்போ அழுதது உண்மைதான், ஆனா தான் எழுதினதுலயே இதுதான் உசத்தின்னு தன் தங்கச்சி மகனுக்குப் பெருமையா எழுதி, அவனுக்கே சமர்ப்பணமும் பண்ணியிருக்கார். எந்த நோட்டு எந்தக் கைக்குப் போகணும்னு இவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்சவருக்கு அந்த வேலைமேல ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

முடிவுல தாம்-தாம்ங்கற பெரிய வெண்கலத் தட்டு ஒரே ஒரு தடவை மெல்ல அதிரும், மொத்த சிம்பொனிலயும் அந்த ஒரு அடிதான், அப்புறம் டிராம்போன்ங்கற பித்தளைக் குழல்கள் தணிஞ்ச குரல்ல ஏதோ சொல்லும், கடைசில பெரிய வயலின் மாதிரி இருக்கற செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் துடிச்சுத் துடிச்சு அடங்கிரும். அப்பா ஆஸ்பத்திரில இருந்த கடைசி ராத்திரி எனக்கு அப்படியே திரும்ப வந்துச்சு, ஆனா பயம் இல்லடா, பக்கத்துல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு.

ரெண்டு வயலின் கோஷ்டியும் மேடையில எதிரெதிரா உக்காந்து வாசிச்ச ரெக்கார்டிங்கா பாத்துத் தேடிக்கோ, அவர் காலத்துல அப்படித்தான் உக்காருவாங்க. ஹெட்போன்ல கேட்டா மெட்டு இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்கு நோட்டு நோட்டா போய் வர்றது தெரியும். இப்பவே கேக்கணும்னு இல்ல. கேக்கத் தோணுற அன்னிக்கு, எத்தனை மணியானாலும் பரவால்ல, எனக்கு ஒரு போன் போடு.