கீரையும் காபியும்

பெங்களூரு,
ஞாயிறு மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. ஹீமோகுளோபின் 8.6, கீரையிலேயே ஏற்றிவிடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய்க்குப் போய்விட்டாயே, எப்படிடி மனசு வந்தது? நமக்கெல்லாம் குறைந்தது 12 இருக்க வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது என்கிறாய். அது வயசால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் எனக்கும் இதே கதைதான். உன்னிடம் சொல்லவில்லை. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லுவேன். வேளைக்கு வேளை அந்த டப்பாவைத் தேடிப் போனதை மகள்தான் கவனித்தாள். பச்சை அரிசி, ஐஸ், சாக்பீஸ் என்று இப்படி ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் 9.1. மாத்திரை வயிற்றைக் கட்டுகிறது என்று அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, உன்னைப் போலவே கீரையை நம்பினேன்.

அல்சூர் சந்தையில் ஒரு கீரைக்கார அம்மா இருக்கிறார். "தண்டு சொப்பா, நுக்கே சொப்பா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிடுவார். முருங்கைக்கீரையை ராத்திரியே துணியில் இறுக்கிக் கட்டி வைத்தால் காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும், உருவ வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நாலு மாதம் விடாமல் சாப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் 9.3! அன்றைக்கு அழுதேவிட்டேன்.

அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. 100 கிராம் முருங்கைக்கீரையில் நாலைந்து மில்லிகிராம் இரும்பு இருக்கும், பாலக்கில் மூன்றுதான். ஐசிஎம்ஆர், அதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நமக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 29. இருக்கிறதிலும் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தாலே பெரிய விஷயம். அதைக் கெடுத்தது என் ஃபில்டர் காபி. சாப்பிட்ட கையோடு குடித்தாலும் சரி, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் சரி, அது இரும்பைச் சேர விடாதாம். டீ இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே குடித்துவிட்டால் தொந்தரவில்லை. இப்போது ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்குச் சாப்பாடு. உன் வீட்டில் இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே டம்ளர் இருக்கும், எனக்குத் தெரியும். அதை முதலில் மாற்று.

கீரையை அடுப்பிலிருந்து இறக்கினபிறகு எலுமிச்சம்பழம் பிழி. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். நெல்லிக்காய்ப் பச்சடி, ஒரு கொய்யா, எதுவானாலும் அதே வேளையில் சேர்த்துக்கொள். அந்த வைட்டமின் சிதான் கீரையின் இரும்பை உடம்பில் ஏற்றுகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 8.6 கீரையால் மட்டும் ஏறாது. எனக்கு மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாருக்கும் இருப்பதுதானே என்று வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்தால் ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையில் கட்டி. ஒரு பக்கம் ஓட்டை இருக்கும்போது குடத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன? அதற்கு வைத்தியம் பார்த்து, மாத்திரையையும் ஆரம்பித்தேன். தினம் ஒத்துக்கொள்ளாததால் டாக்டர் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடச் சொன்னார், வயிறும் அடங்கியது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. நம்பர் 12.2 வந்தபிறகும் இன்னும் மூன்று மாதம் சாப்பிட வைத்தார், ஃபெரிட்டின் என்கிற சேமிப்பும் நிரம்ப வேண்டுமாம். நீயும் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துப் பார். உனக்கும் அதிகமாகப் போகிறதா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. டாக்டரிடமாவது மறைக்காமல் சொல்.

அரிசி டப்பா பக்கம் இப்போது கை போவதில்லை. கீரையை விடவில்லை, முருங்கைக்கீரைப் பொரியல் இல்லாத வாரம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி சேலம் வருகிறான். நன்றாகப் பழக்கிய இரும்புச் சட்டி ஒன்று கொடுத்தனுப்புகிறேன். புளிக்குழம்பு அதில் வை, இரும்பு கொஞ்சம் இறங்கும். ஆனால் ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவிடாதே, கறுத்துவிடும். அவன் வருவதற்குள் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திரு, ரிப்போர்ட்டின் நகலை அவனிடமே கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் தோழி