கலந்து முடித்த பாட்டில் மிக்ஸிங் பழக முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் லேப்டாப்பும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு பாட்டு மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் சமன்படுத்திக் கலப்பது, பழகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். எந்த பட்டனை எங்கே திருக வேண்டும் என்று சொல்லித்தர வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. திருகிப் பார்ப்பதற்கான சரக்குதான் கைக்கு வருவதில்லை. அதனால் பலர் ஒரு சினிமாப் பாட்டை இறக்கி, ஏஐ மென்பொருளில் போட்டுக் குரல், டிரம்ஸ், பாஸ் என்று பிரித்து, அதையே மறுபடி சேர்த்துப் பழகுகிறார்கள். வைத்து இறக்கிய சாம்பாரில் இருந்து பருப்பை வடித்தெடுத்துச் சமையல் பழகுகிற கதைதான் இது.

அப்படிப் பிரிந்து வரும் குரலில், முன்பே ஒருவர் போட்ட கம்ப்ரஷனும் (சத்த ஏற்ற இறக்கத்தை அமுக்குவது) ரிவெர்பும் (அறை முழக்கம்) ஊறிக் கிடக்கும். மேல்ஸ்தாயி ஒலிகள் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கலங்கியிருக்கும். சிம்பல் விழும் இடத்தில் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் பாதி காணாமல் போயிருக்கும். இந்தக் கோளாறுகளைச் சரிசெய்வதிலேயே காது பழகிவிட்டால், மைக்கில் இருந்து நேராக வரும் குரல் கையில் கிடைக்கும் நாளில் எங்கே தொடங்குவது என்றே புரியாது. அங்கே இருக்கிற தொல்லைகள் வேறு: மூச்சு, உதட்டில் ‘ப’ வெடிப்பது, பக்கத்து மிருதங்கம் உள்ளே வருவது, பாடகர் மைக்கை விட்டு விலகியதும் குரல் மெலிவது.

பழகுவதற்குத் தேவையானது மல்டிட்ராக். ஒவ்வொரு மைக்கும் தனிக் கோப்பாக, எதுவும் போடாமல் பச்சையாக இருக்க வேண்டும். ஸ்டெம் என்று கிடைப்பது வேறு. டிரம்ஸ் முழுவதையும் கலந்து ஒரே ஸ்டீரியோ கோப்பாகக் கொடுத்திருப்பார்கள். ரீமிக்ஸ் போட்டிகளில் பெரும்பாலும் ஸ்டெம்தான் தருகிறார்கள். இசைக்கோர்ப்பு வேலைக்கு அது உதவும், மிக்ஸிங் பழக உதவாது.

இலவசமாகவும் முறையாகவும் மல்டிட்ராக் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி என்ற தளத்தின் மல்டிட்ராக் நூலகம். ராக், ஜாஸ், நாட்டுப்புறம் என்று பல நூறு பாட்டுகள் வகை பிரித்து இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை ட்ராக், கோப்பு எத்தனை எம்பி என்று போட்டிருப்பார்கள். சில பாட்டுகளுக்கு முழுப் பதிவோடு வெட்டிச் சுருக்கிய பகுதியும் தனியாக உண்டு. டேட்டா குறைவாக இருக்கிறவர்கள் அதில் தொடங்கலாம். மைக் தயாரிக்கும் டெலிஃபுங்கன் நிறுவனமும் தன் மைக்குகளால் எடுத்த பதிவுகளை ட்ராக் ட்ராக்காக இறக்கிக்கொள்ளத் தருகிறது. ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்த பதிவுகள் அவற்றில் உண்டு, லீக்கேஜ் (ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி கசிவது) பழக நல்ல பாடம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உருவான மெட்லி-டிபி தொகுப்பில் 122 பாட்டுகள் உண்டு. எம்யூஎஸ்டிபி18 என்று ஒன்று கண்ணில் படும். அது 150 பாட்டுகள், ஆனால் குரல், பாஸ், டிரம்ஸ், மற்றவை என்று நான்கே ஸ்டெம். அதை விட்டுவிடலாம்.

கர்நாடக இசை வேண்டுமானால் ‘சராகா’ தொகுப்பைத் தேடுங்கள். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் நடந்த காம்ப்மியூசிக் ஆய்வில் இருந்து வந்தது. கர்நாடகப் பகுதியில் 249 பதிவுகள். பாதிக்கு மேல் குரல், வயலின், மிருதங்கத்தின் இரண்டு தலைகள் என்று தனித்தனியாக இருக்கும். நேரடிக் கச்சேரிகளில் எடுத்தவை, ஆகவே ஒவ்வொரு மைக்கிலும் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பார்கள். கோப்புகள் எம்பி3 வடிவில் வருவதால் மேல்ஸ்தாயியின் நயத்தை மட்டும் அதை வைத்து எடைபோடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் நிபந்தனை உண்டு. கேம்பிரிட்ஜ் தொகுப்பு கற்பதற்கு மட்டும். சராகாவும் மெட்லி-டிபியும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. அந்த மிக்ஸை யூடியூபில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பது தவறு. டெலிகிராமில் சுற்றும் சினிமாப் பாட்டு மல்டிட்ராக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதைப் போட்டுக் காட்டினால், ‘நம் ட்ராக்கையும் இப்படித்தான் வெளியே விடுவான்’ என்றுதான் நினைப்பார்கள்.

இறக்கிய பிறகு முதல் சறுக்கல் சாம்ப்பிள் ரேட்டில் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது). 44,100-ல் பதிந்த கோப்பை 48,000-ல் மாற்றாமல் ஓட்டும் கருவிகளும் மொபைல் செயலிகளும் இருக்கின்றன. பாட்டு வேகமெடுக்கும், ஒரு கட்டைச் சுருதியில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ போய் நிற்பார். மென்பொருளில் ப்ராஜெக்டைத் திறந்ததும் கோப்பின் ரேட் எதுவோ அதையே வைத்துவிடுங்கள். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் முழு வசதியுடன் சோதித்துப் பார்க்கக் கிடைக்கிறது, பழகுவதற்கு அது தாராளம். எல்லாக் கோப்புகளையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டால், தனித்தனி ட்ராக்கிலா, ஒரே ட்ராக்கில் வரிசையாகவா என்று கேட்கும். தனித்தனி என்று சொல்லி, எல்லாம் பூஜ்யத்தில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை அரை விநாடி நகர்த்திவிட்டு, வயலின்காரர் தாளம் தப்பினார் என்று சொல்லக் கூடாது.

முதல் அரைமணி நேரம் ப்ளக்இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) எதையும் தொடாமல், ஸ்டீரியோவை மோனோவாக்கி, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மட்டும் வைத்துச் சமன் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் கை வைத்தால், ஃபேடரை 3 டெசிபெல் இறக்கியிருந்தாலே தீர்ந்திருக்கும் சிக்கலுக்கு ஆறு இடத்தில் வெட்டு விழும். முதலில் 8 முதல் 12 ட்ராக் உள்ள பாட்டாக எடுங்கள். 60 ட்ராக் உள்ள ராக் பாட்டில் தொடங்கினால் மூன்றாவது நாள் லேப்டாப் மூடியே இருக்கும்.

கச்சேரிப் பதிவில் மேல்நாட்டு வீடியோ சொல்லும் எண்களை அப்படியே போடுவதுதான் பெரிய தவறு. குரலுக்கு 120 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) போடு என்பார்கள். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், மந்தரப் பஞ்சமம் 98. அந்த ஹைபாஸ் பஞ்சமத்தின் அடியை அறுத்துவிடும். அவருக்கு 70, 80-க்கு மேல் போகாதீர்கள். ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலின் மந்தரப் பஞ்சமம் 147-ல் இருக்கிறது, அங்கே 110 வரை ஏறலாம். சுருதி என்னவென்று தெரியாமல் ஹைபாஸில் கை வைக்கவே கூடாது.

நாய்ஸ் கேட்டும் (சத்தம் குறைந்தால் ட்ராக்கைத் தானே மூடுவது) அப்படித்தான். தம்பூரா எல்லா மைக்கிலும் கசிந்துகொண்டிருக்கும். பாடகர் நிறுத்தும்போது கேட் மூடினால் தம்பூராவும் பொசுக்கென்று பாதியாகும், திறந்ததும் குபீரென்று வரும். கேட்டை எடுத்துவிட்டு, பாடாத இடங்களில் ஃபேடரை 4, 5 டெசிபெல் மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். கம்ப்ரஸரில் அமுக்கும் விகிதம் 2:1, அது பிடிக்க எடுக்கும் நேரமான அட்டாக் 20 முதல் 30 மில்லி விநாடி, அதிகபட்சம் 3 டெசிபெல் அமுங்கினால் போதும். அட்டாக்கை 2-க்குக் கொண்டுபோனால் கமகத்தின் அசைவு தட்டையாகிவிடும். நிரவலில் குரல் எகிறும் இடத்தைக் கம்ப்ரஸரின் தலையில் கட்டாமல், அதற்கு முன்பே கையால் இறக்குங்கள்.

லீக்கேஜைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலி 1 மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். பாடகருக்கும் வயலின் மைக்குக்கும் ஒன்றரை மீட்டர் என்றால், அவர் குரல் தன் மைக்குக்கு வந்து 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல் கழித்து வயலின் மைக்குக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 116 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், பிறகு ஏறத்தாழ 230-க்கு ஒன்றாக மேலே பள்ளங்கள். குரல் டப்பாவுக்குள் போய்விடும். உடனே வயலின் ட்ராக்கை 4 மில்லி விநாடி முன்னே இழுக்கச் சொல்லும் வீடியோ உண்டு. இழுத்தால் குரல் சேரும். ஆனால் குரல் மைக்குக்குள் கசிந்திருக்கும் வயலின், இப்போது 8 மில்லி விநாடிக்கு மேல் பிந்திவிடும். ஒன்றை அடைத்தால் மற்றது இரண்டு மடங்கு திறந்துகொள்கிறது. இழுக்காமல், வயலின் மைக்கை 2, 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். குரல் மைக்கிலேயே வயலின் ஓரளவு இருக்கிறது, குறைத்தாலும் தொலையாது. மிருதங்கத்தின் இரு மைக்குகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட, அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை ஒன்றில் மட்டும் அமுக்கி மோனோவில் கேட்க வேண்டும். பட்டனின் எந்த நிலையில் தொப்பி (இடது தலை) கனமாக ஒலிக்கிறதோ அதுவே சரி.

முடித்த மிக்ஸை நல்ல பாட்டோடு ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துவது முக்கியம். 1 டெசிபெல் சத்தமாக இருப்பதே காதுக்கு நன்றாகத் தோன்றும். விலையில்லாமல் கிடைக்கும் யூலியன் லவுட்னஸ் மீட்டரை மாஸ்டரில் போட்டுப் பாருங்கள். வெளிவந்த பாட்டு மைனஸ் 9, உங்களுடையது மைனஸ் 20 என்று காட்டினால், அந்தப் பாட்டை 11 டெசிபெல் இறக்கிவிட்டுக் கேளுங்கள். உங்களுடையதை ஏற்ற வேண்டாம்.

நம் செட்டிநாட்டு வீடுகள் தனிச் சிக்கல். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடிபோல் வழவழக்கும், தரையில் ஆத்தங்குடிக் கல். ஒரு கைதட்டு தட்டினால் விர்ரென்று சுவருக்குச் சுவர் ஓடும். எதிரெதிர்ச் சுவர்கள் 3 மீட்டர் இடைவெளியில் இருக்கும் அறையில் 57 ஹெர்ட்ஸ் நின்றுகொள்ளும்: சுவரோரம் குமுறும், அறை நடுவில் காணாமல் போகும். நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர் தொப்பிக்கு பாஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார், அதைக் காரில் போட்டால் கதவு அதிரும். நாற்காலியை நடுவில் இருந்து ஓரடி, இரண்டடி நகர்த்துங்கள். பஞ்சு மெத்தைகளைப் பக்கச் சுவர்களில் சாத்தி, தரையில் ஜமக்காளம் விரியுங்கள். பாஸை ஹெட்போனில் ஒருமுறை சரிபாருங்கள்.

அதே வீட்டுப் பட்டாலை (கூடம்) வேறொன்றுக்கு அருமையான கருவி. பச்சைக் குரல் ட்ராக்கை ஒரு கோடியில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மறுகோடியில் மைக் வைத்துப் பதிந்தால் எந்த ப்ளக்இன்னிலும் கிடைக்காத ரிவெர்ப் கையில் இருக்கும். ஸ்பீக்கரை மைக்குக்கு முதுகு காட்டித் திருப்பிவைத்தால் நேர்க்குரல் குறைந்து முழக்கம் மட்டும் வரும். அதன் அடியை 200 ஹெர்ட்ஸில் வெட்டி, குரலுக்கு 15 டெசிபெல் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

இவ்வளவு இருந்தும் நாகஸ்வரமும் தவிலும் தனித்தனி ட்ராக்காகக் கிடைப்பது அரிது. இங்கே ஒரு பையனுக்கு முதலில் வரும் வேலையோ அதுவாகத்தான் இருக்கும். கிராமபோன் தட்டு வியாபாரத்தில் தொடங்கி, காரைக்குடியிலேயே ஸ்டுடியோ போட்டுப் படமெடுத்த ஏ.வி.மெய்யப்பனின் ஊர் இது. இந்தக் குறையை நாமே தீர்க்க முடியும்.

விழாக்களுக்கு வரும் டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பெரிங்கர் எக்ஸ்ஆர்18-ல் யுஎஸ்பி வயரை லேப்டாப்பில் சொருகினால் 18 ட்ராக் தனித்தனியாகப் பதியும். எக்ஸ்32-ல் 32 வரை போகும். ஃபேடருக்கும் ஈக்யூவுக்கும் முந்திய இடத்தில் இருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய மைக்செட்காரரின் கையசைவும் சேர்ந்து பதிந்துவிடும். 24 பிட், 48,000-ல் ஒரு ட்ராக் மணிக்கு 520 எம்பி. 16 ட்ராக், 3 மணி நேரம் என்றால் 25 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவில் பாதிகூட நிறையாது. உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் கெயின் வையுங்கள். நாகஸ்வர மைக்கை அணசின் (அடியில் விரிந்திருக்கும் பகுதி) வாய்க்கு நேராகச் சொருகாமல், முக்கால் மீட்டர் தள்ளி, விரல் துளைகளுக்கும் அணசுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்த்து வையுங்கள். தவிலுக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று.

கலைஞர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது கட்டாயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் தனி உரிமை தருகிறது. வணிகத்துக்கு இல்லை, பயிற்சிக்கு மட்டும், பெயர் போடப்படும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேவாரம், குன்றக்குடித் திருப்புகழ், தியாகராஜர் கிருதி என்றால் பாட்டுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவன் பாடல்களுக்கு 2033 வரையும், பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் வரிகளுக்கு 2041 வரையும் உரிமைக்காலம் ஓடுகிறது, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மாசி–பங்குனித் திருவிழாவுக்கும் கம்பன் விழாவுக்கும் மைக்செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, ‘மிக்ஸரில் யுஎஸ்பி ரெக்கார்டிங் இருக்கிறதா’ என்று விழாக் குழுவினர் ஒரு வார்த்தை கேட்டுவைக்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பணியில் இருப்போர் சிலர்,
காரைக்குடி.