உணவக விமர்சனத்துக்கும் நெறிமுறை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இணைப்பிதழில் வரும் உணவக விமர்சனங்களைத் தொடர்ந்து படிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். அழைப்பின் பேரில் சென்று, உரிமையாளரே அருகில் நின்று பரிமாற, பணம் கொடுக்காமல் உண்டுவிட்டு எழுதுவது விமர்சனம் ஆகாது. உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் மிச்செலின் கையேட்டின் ஆய்வாளர்கள் தம்மை வெளிக்காட்டிக்கொள்ளாமல் சென்று, சாப்பிட்டதற்கு முழுப் பணமும் கட்டுகிறார்கள். நியூயார்க் டைம்ஸ் விமர்சகராக இருந்த ரூத் ரைஷல், அடையாளம் தெரியாதிருக்க விக் அணிந்து சென்றவர். ஒரே உணவகத்துக்குப் பலமுறை செல்வதும் நல்ல விமர்சகர்களின் வழக்கம்.

சென்னையின் சிற்றுண்டிச் சாலைகளுக்கு இது மிகவும் பொருந்தும். காலை ஏழு மணிக்கு நெய் மணக்கக் குழைந்து வரும் பொங்கல், பத்தரை மணிக்கு இறுகிக் கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது. தேங்காய்ச் சட்னியில் லேசாகப் புளிப்பு தட்டுகிறது. கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையில் சாம்பார் நீர்த்துவிடுகிறது. ஒரே ஒரு வேளை சென்றவருக்கு இவை தெரிய வழியில்லை.

பணமோ இலவசமோ பெற்றுச் சமூக ஊடகங்களில் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அச்சு ஊடகம் அதற்கும் ஒரு படி மேலே நிற்க வேண்டாமா? விமர்சகர் எத்தனை முறை, எந்த வேளையில் சென்றார், பணம் கட்டியது யார் என்ற விவரங்களை ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.