சம்பந்தி வீட்டோடு ஒரு ராச்சாப்பாடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் இரண்டு வீட்டாரையும் சென்னைக்கு வரச் சொல்லி ஓட்டலில் சாப்பாடு போடுவதாகச் சொன்னதில் எல்லாருக்கும் சந்தோஷம். கல்யாண மண்டபத்தில் சம்பந்திகள் ஒருத்தரோடொருத்தர் பேசினதெல்லாம் பந்திக்கு ஆள் வந்தாச்சா, வேன் கிளம்பியாச்சா என்பதோடு சரி. உட்கார்ந்து நாலு வார்த்தை பேச இப்போதுதான் வேளை வருகிறது.

மாப்பிள்ளை அனுப்பின ஓட்டல் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் பேர்போன கடைகள்தான். ஆனால் கடையிலிருந்து ஆரம்பித்தால் திட்டம் உதைக்கும். அப்பத்தாவிலிருந்தும் உன் மாமாவிலிருந்தும் ஆரம்பி. அப்பத்தாவால் படி ஏற முடியாது. மாமா இன்சுலின் போடுகிறவர். இந்த இரண்டு பேருக்கும் எது ஒத்துவருமோ அதுதான் கடை, அதுதான் நேரம். மற்ற பதினாறு பேரும் எங்கே உட்கார வைத்தாலும் சாப்பிடுவார்கள்.

முதலில் கிழமை. உன் அத்தை வெள்ளியும் சனியும் கவுச்சி தொடமாட்டார். அப்பத்தாவுக்கு அமாவாசையும் கார்த்திகையும். ஆக ஞாயிறுதான் மிஞ்சுகிறது. அந்த ஞாயிற்றில் அமாவாசையோ கார்த்திகையோ விழுகிறதா என்று தினசரி காலண்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள். புரட்டாசிக்குள் வைப்பதானால் அசைவப் பேச்சையே விட்டுவிட்டு நல்ல சைவ ஓட்டலாகப் பிடி. பாதிப் பேர் மட்டன் சாப்பிட, பாதிப் பேர் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் சென்னையில் எந்த நல்ல ஓட்டல் வாசலிலும் பத்துக் குடும்பம் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும். ஏழு மணிக்கு உட்கார்ந்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது, சமையல்கட்டும் அப்போது திணறாது. மாமாவுக்கும் ஏழரைக்குள் சாப்பாடு வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்து, இங்கே சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஊசியை ஓட்டலில் உட்கார்ந்த பிறகு, டாக்டர் சொன்ன இடைவெளியைக் கணக்குப் பண்ணிப் போட்டுக்கொள்ளட்டும். இதை நீ சொல்லாதே, மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்.

ராத்திரி ரயிலுக்கு யாரும் டிக்கெட் எடுக்கக் கூடாது. மதுரைக்குப் போகிற பாண்டியன் எழும்பூரில் ஒன்பதரைக்கு மேல், கோயமுத்தூர் போகிற சேரன் சென்ட்ரலில் பத்து மணி வாக்கில். இரண்டு வண்டியையும் மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாயசம் வரும்போது பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் திங்கள் காலையில் கிளம்புகிறோம். கோயமுத்தூர் சம்பந்தி வீட்டாரையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்.

இடத்துக்கு வருகிறேன். லாட்ஜ் தி. நகரில் என்பதால் சாப்பாடும் பாண்டி பஜாரிலேயே என்று மாப்பிள்ளை நினைக்கிறார். ஞாயிறு சாயங்காலம் பனகல் பார்க் பக்கம் கார் நகராது. போதாததற்கு மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டின இடங்களில் ரோட்டை மாற்றி மாற்றி விடுகிறார்கள், மயிலாப்பூர் லஸ் பக்கமும் அதே கதை. அண்ணா சாலையை ஒட்டி தேனாம்பேட்டை, ஏஜி-டிஎம்எஸ், ஆயிரம் விளக்கு என்று மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாகப் பார். இளசுகள் மெட்ரோவில் வந்துவிடும். பெரியவர்களுக்கு மட்டும் இரண்டு கார் போதும்.

கடையைப் போனில் முடிக்காதே. அதற்கு முந்தின ஞாயிறு, அதே ஏழு மணிக்கு நீங்கள் இரண்டு பேரும் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். வாசலில் எத்தனை படி, லிஃப்ட் ஓடுகிறதா, பாத்ரூமில் வெஸ்டர்ன் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமாகக் கிடக்கிறதா என்று பார். ஏசி எந்த மேசைமேல் நேராக அடிக்கிறது, பாட்டுச் சத்தம் எவ்வளவு என்பதையும் பார். சோபா போட்ட மேசை பெரியவர்களுக்கு வேண்டாம். பார்க்க சொகுசாக இருக்கும், ஆனால் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கைவைத்த நாற்காலி, நடைபாதைப் பக்கம், அதுதான் அப்பத்தாவுக்கு.

பார்ட்டி ஹால் கேட்டால் குறைந்தது இருபத்தைந்து, முப்பது இலைக்காவது பணம் கட்டச் சொல்வார்கள். நாம் பதினெட்டு பேர், அதில் மூன்று குழந்தைகள். பொது ஹாலிலேயே ஓரமாக இடம் கேள். பதினெட்டு பேருக்கும் ஒரே நீள மேசையாகப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதே. இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடிக்குக் கேட்காது, கடைசியில் நம் ஆட்கள் ஒரு பக்கம், அவர்கள் ஆட்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துபோகும். ஒன்பது ஒன்பதாகப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை போதும். நீ ஒன்றில், மாப்பிள்ளை இன்னொன்றில். அப்பாவும் மாமாவும் அடுத்தடுத்து. நானும் அத்தையும் எதிரெதிரே.

ஆர்டரை மேசையில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொல்ல விட்டால் முக்கால் மணி நேரம் போய்விடும். முதல் நாளே கேப்டனிடம் எழுதிக் கொடுத்துவிடு. குழந்தைகளுக்கு இட்லியோ நூடுல்ஸோ உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் வந்தாக வேண்டும், அவர்கள் வயிறு நிறைந்தால்தான் பெரியவர்கள் பேச முடியும். சூப் பெரியவர்கள் பதினைந்து பேருக்கு ஒன் பை டூவாக எட்டு. தொட்டுக்கொள்ள கோபி, பனீர், சிக்கன் மூன்றிலும் மேசைக்கு ஒவ்வொரு தட்டு. அதற்குமேல் சொன்னால் அதிலேயே வயிறு நிறைந்து பிரியாணி மிஞ்சும். வஞ்சிரம் வறுவல் துண்டுக்கணக்கு, எத்தனை பேர் என்று கேட்டுச் சொல். பிரியாணி பதினைந்து பேருக்கு ஏழு போதும்: மட்டன் நாலு, சிக்கன் மூன்று. பகிர்ந்து சாப்பிடட்டும்.

டிபன் வகையில்தான் எல்லாரும் கோட்டை விடுவது. ஆப்பம் ஒவ்வொன்றாகச் சட்டியில் சுழற்றி, மூடி வைத்து எடுக்கிற சாமான். இருபது ஆப்பம் சொன்னால் கடைசி ஆள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ரொட்டியும் தந்தூர் அடுப்பில் இரண்டு மூன்றாகத்தான் வரும், ஆறினால் தோலாக இழுக்கும். இடியாப்பம் ஆவியில் தட்டுத்தட்டாக ஒரே ஈட்டில் வெந்துவிடும், பெரியவர்களுக்கும் லேசு. ஆகவே இடியாப்பம் முதலில், பரோட்டாவோ நான் ரொட்டியோ எட்டு எட்டாக இரண்டு தவணை, ஆப்பம் ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும். அத்தனையும் தந்தூரிலேயே சொல்லாமல் ஆவி, தோசைக்கல், தந்தூர் என்று மூன்று அடுப்புக்கும் வேலை கொடுத்தால் எல்லார் தட்டிலும் ஒரே நேரத்தில் ஏதாவது இருக்கும். மாமாவுக்கு மட்டும் சர்க்கரை போடாத பழத்தட்டு ஒன்று தனியாகச் சொல்லி வை. ஐஸ்கிரீம் வரும்போது அவர் கை சும்மா இருக்கக் கூடாது.

பில் விஷயம். நடுத்தரமான ஓட்டலில் தலைக்கு எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள். சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற பெரிய ஹோட்டல்களில் 18. இருபதாயிரம் ரூபாய் சாப்பாட்டுக்கு ஒன்றில் ஆயிரம் வரி, இன்னொன்றில் 3,600. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. எடுத்துவிடச் சொல்லலாம், ஆனால் அந்தப் பேச்சைப் புக் பண்ணும்போதே முடித்துவிடு, சம்பந்தி முன்னால் வேண்டாம். கூப்பிட்டது நீங்கள், கொடுப்பதும் நீங்கள்தான். கை கழுவப் போகிற சாக்கில் மாப்பிள்ளை கவுண்டரில் கார்டைக் கொடுத்து வைத்துவிடட்டும், பில் மேசைக்கே வரக் கூடாது. வந்தால் அப்பாவும் மாமாவும் அதைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் விட்டுக்கொடுத்தாலும் மனசுக்குள் ஒரு கணக்கு நிற்கும். சர்வருக்கு டிப்ஸ் ரொக்கமாகக் கையில்.

கல்யாண ஆல்பத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதே, குழம்புக் கை படும். தாம்பூலப் பை நான் மதுரையிலிருந்தே போட்டு எடுத்து வருகிறேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ரவிக்கைத் துணி. அதைக் காரில் ஏறும்போது அத்தை கையில் கொடுத்துக்கொள்கிறேன். நகை, சீர், மொய் நோட்டு, யார் கல்யாணத்துக்கு வரவில்லை என்கிற பேச்சை அப்பாவும் எடுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. உன் மேசையில் யாராவது எடுத்தால் நீ குழந்தைகளைப் பார்க்கிற சாக்கில் பேச்சை மாற்று.

மழைக்காலமாக இருந்தால் திரும்பும்போது ஆப்பில் வண்டி கிடைக்காது. கொண்டுவந்து விட்ட இரண்டு காரையும் ஒன்பதரைவரை நிறுத்தி வைத்துக்கொள், வெயிட்டிங் சார்ஜ் பெரிசில்லை. இடம் முடிவானதும் கடையின் பெயர், மேப், நேரம் மூன்றையும் ஒரே மெசேஜில் போடு. நேரத்தை மட்டும் ஆறே முக்கால் என்று போடு, சித்தப்பா குடும்பம் எப்படியும் ஏழே காலுக்குத்தான் வரும்.

அன்புடன்,
அம்மா