29 சதவீதத்துக்குப் பயந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கோத்தகிரியிலிருந்து அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ வாங்கியிருக்கும் கண்ணாடி எடைக் கருவி காட்டிய எண்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். ஜனவரியில் 54 கிலோ, கொழுப்பு 29.4 சதவீதம். இப்போது 51 கிலோ, கொழுப்பு 29.1. "மூன்று கிலோ குறைந்தும் கொழுப்பு அசையவில்லை, இனி இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிடப் போகிறேன்" என்று கீழே ஒரு வரி. இந்த மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்குச் சொந்த மகளிடமிருந்து இப்படி ஒரு செய்தி!

உன் உயரம் 160 சென்டிமீட்டர். 54 கிலோவுக்கு, உயரத்துக்கேற்ற எடையா என்று சொல்லும் உடல் எடைக் குறியீடு (BMI) 21 வருகிறது. இந்தியர்களுக்கென்று மருத்துவர்கள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் அளவிலும் 18.5 முதல் 22.9 வரை சரியான எடைதான். அதாவது, நீ குறைக்கத் தொடங்கிய அன்றே குறைப்பதற்கு எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் உன் அத்தை "கொஞ்சம் சதை போட்டிருக்கிறாயே" என்று சொன்னதில் தொடங்கிய வினை இது என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போன நாளில் "காற்றடித்தால் பறந்துவிடுவாய்" என்று சொன்னவளும் அவளேதான். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குப் பிடித்த எடை எது என்று கேட்டுப் பார், அவளுக்கே தெரியாது.

இப்போது அந்தக் கருவிக்கு வருகிறேன். நீ ஏறி நின்றதும் உன் பாதத்தின் வழியாக, உணர முடியாத அளவுக்கு மெல்லிய மின்சாரத்தை அது செலுத்துகிறது. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பு அதைத் தடுக்கும். அந்தத் தடையை மட்டும்தான் கருவி அளக்கிறது. பிறகு நீ கொடுத்த வயதையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, கொழுப்பு இவ்வளவு என்கிறது. ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும் மின்சாரம் அது. இடுப்புக்கு மேலே என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் ஊகம்தான். அப்பா தேயிலைக் கொழுந்து போடும் இடத்தில் மழைநாளில் நடப்பதை நீ பார்த்திருக்கிறாய். எடை போடுபவர் சாக்கைக் கையால் அமுக்கிப் பார்ப்பார், ஈரத்துக்கென்று ஓர் அளவைக் கழித்து எழுதுவார். "இவ்வளவு ஈரமா?" என்று அப்பா முறைப்பார். உன் கருவியும் உடம்பின் ஈரத்தைத்தான் அமுக்கிப் பார்க்கிறது. தண்ணீர் குடித்தாயா, உடற்பயிற்சி செய்து வியர்த்தாயா, மாதவிடாய் நாளா, எல்லாவற்றுக்கும் எண் மாறும்.

நீ அனுப்பியதிலேயே பார். ஒரே நாள் காலையில் 30.2, மாலையில் 28.6. அது உண்மையென்றால் அன்றைக்கு உன் உடம்பிலிருந்து ஏறக்குறைய 800 கிராம் கொழுப்பு கரைந்திருக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் நடந்தே இறங்கி, நடந்தே ஏறி வந்தாலும் அவ்வளவு கரையாது. நீயோ அன்று முழுவதும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்.

"29 சதவீதம் என்றால் சிவப்பு நிறத்தில் காட்டுகிறதே" என்பாய். எடைக் குறியீட்டுக்கு இருப்பதுபோல் கொழுப்புச் சதவீதத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. கருவி செய்தவர் வைத்த கோடு அது. பெண் உடம்புக்கு உயிர்வாழ மட்டுமே சுமார் 12 சதவீதம் கொழுப்பு வேண்டும். ஆணுக்கு 3 போதும். ஜிம்மில் உடன் பயிற்சி செய்யும் பையனின் 15-ஐப் பார்த்து நீ ஏங்குவதில் அர்த்தமே இல்லை. தொடை பெருத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். தொடையிலும் இடுப்பிலும் சேர்வது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செய்யும் வேலை. சர்க்கரை நோயை இழுத்து வருவதில் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் முன்னால் நிற்கும், தொடைக் கொழுப்பு அல்ல. ஓரிடத்தை மட்டும் இளைக்க வைக்கும் பயிற்சி என்று எவன் விற்றாலும் வாங்காதே.

இதற்காக உன் பயத்தை முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. ஒல்லியாக இருந்தும் உள்ளே கொழுப்பு சேர்வது நம் நாட்டவரிடம் அதிகம்தான். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படத்தைப் போட்டார்கள். இருவருக்கும் எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. உன் பாட்டியும் குச்சி மாதிரி இருந்தவர்தான், ஐம்பது வயதுக்குள் அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஆகவே பார்க்க வேண்டியதைப் பார். ஓர் இஞ்ச் டேப் எடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றிப் பிடி. வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு அள. டேப் தோலில் பதியக் கூடாது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உன் உயரத்தில் பாதியும் அதேதான். போன முறை சுடிதார் தைக்கக் கொடுத்தபோது உனக்கு 70. பிறகு வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு மூன்றும் பார்த்துவிடு. முதலாவது 100-க்குள், இரண்டாவது 5.7-க்குள், மூன்றாவது 150-க்குள் இருந்தால் போதும்.

போன மூன்று கிலோவில் தசையும் போயிருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கருவி வேண்டாம், இரண்டு மாடி ஏறினால் கால் நடுங்குகிறது என்று நீயே சொன்னாய். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை மட்டும் பொறுக்கியெடுத்து எரிக்காது, தசையையும் சேர்த்துத்தான் கரைக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சதவீதம் எப்படி அசையும்? இங்கே இருந்தபோது பஸ் நிறுத்தத்துக்குப் போகவே மேடேறி இறங்கினாய். அங்கே லிஃப்ட், நாற்காலி, மறுபடியும் லிஃப்ட். வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கு, மற்ற நாள் வேகமாக நட. உன் எடைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் கிடைக்கும். மீதிக்குப் பருப்பு, தயிர், அவரை, கடலை என்று தேட வேண்டுமே தவிர, இரவில் ஒரு வெள்ளரிக்காயோடு படுக்கக் கூடாது.

எனக்குத் தூக்கம் போனது வேறொரு வரியால். "பீரியட்ஸ் வேறு வரவில்லை, நல்லதாகப் போயிற்று" என்று கடைசியில் விளையாட்டாக எழுதியிருக்கிறாய். அது நல்லதல்ல. கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-இல் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் தூது அது. வரவு குறைகிறது என்று தெரிந்தால் மூளை மாதவிடாயை நிறுத்திவிடக்கூடும். அதோடு ஈஸ்ட்ரோஜனும் குறையும், எலும்பு மெலியும். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் சோர்ந்து வெளுத்த பெண்களைத் தராசில் ஏற்றி, எடை கூடவில்லையே என்று திட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. அவர்களுக்குச் சாப்பாடு எட்டவில்லை. உன் தட்டில் இருப்பதை நீயே தள்ளி வைக்கிறாய்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பார். தைராய்டும் ரத்த அளவும் சேர்த்துப் பார்க்கச் சொல். சாப்பாட்டைக் குறைத்ததை மறைக்காமல் சொல். தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்றால் சொல், ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் வைத்தியம் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதனை முடிவு வந்ததும் அதை மட்டும் அனுப்பு. கருவியின் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிடு. அப்பா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை சென்னைக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அதில் கொழுப்பு உண்டா என்று கேட்பாய். உண்டு, நிறையவே உண்டு. டீயோடு இரண்டு சாப்பிடு, மீதியை அறைத் தோழிகளுக்குக் கொடு.

அன்புடன்,
அம்மா