வேர்ட்பிரஸ்: தளம் திறந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வலைத்தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் சொந்தமாகத் தளம் தொடங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறு வியாபாரிகளுக்கும் புரிகிற மாதிரி இருந்தது, சந்தோஷம். ஆனால் தளம் திறந்ததோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. தலைவலியே அதற்கப்புறம்தான் ஆரம்பம். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சின்னச் சின்ன தளங்களைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு என்பதால் எழுதுகிறேன்.

2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸில்தான் இன்று உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஓடுகின்றன. திருடர்களும் அங்கேதான் சுற்றுவார்கள். "நம்முடையது சின்னக் கடைதானே, யார் வரப்போகிறார்கள்" என்று கேட்கிறார்கள். வருவது ஆள் இல்லை, பாட், அதாவது தானாகவே ஓடும் புரோகிராம். எந்தத் தளத்தில் பழைய ப்ளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட் ஆகாமல் கிடக்கிறது என்று ராப்பகலாகத் துழாவிக்கொண்டே இருக்கும், கடை பெரிதா சின்னதா என்றெல்லாம் பார்க்காது.

ஒரு கடைக்காரர் தன் கடைப் பெயரைக் கூகுளில் தேடினால், முடிவுகள் முழுக்க ஜப்பானிய எழுத்து, எல்லாம் போலி கைப்பை விளம்பரம். தளத்தை நேராகத் திறந்தால் வழக்கம்போல வேட்டி, சேலை படங்கள்தான் தெரிகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால், படங்கள் மட்டும் இருக்கவேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி ஃபைல், அதாவது சர்வரில் ஓடும் நிரல், உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்பு) ஒன்றை யாரோ ஓசியில் இறக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதோடு சேர்ந்து வந்த விருந்தாளி அது. இந்த "நல்டு" தீம்களைப் பற்றி ஒரு வரியாவது கட்டுரையில் எச்சரித்திருக்கலாம்.

அப்டேட் செய்தால் தளம் உடைந்துவிடும் என்று பயந்து பட்டனையே தொடாதவர்கள் பலர். பெரும்பாலும் உடைவதற்குக் காரணம், தளம் செய்து கொடுத்தவர் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலிலேயே நேரடியாக நிரல் எழுதியிருப்பார், அடுத்த அப்டேட்டில் அது அத்தனையும் அழிந்துபோகும். சைல்டு தீம் (மூலத் தீம் ஃபைல்களைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் துணைத் தீம்) போட்டு அதில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ப்ளகின்கள் தானாகவே அப்டேட் ஆகும் வசதி 2020-இல் 5.5 பதிப்பிலேயே வந்துவிட்டது. அப்படித் தானாக நடக்கும் அப்டேட்டில் தளம் முடங்கினால் அந்த ப்ளகினின் பழைய பதிப்புக்கே திரும்பும் ஏற்பாடும் 2024-இல் 6.6-இல் வந்தது. ஆனாலும் பேக்கப் வேண்டும். ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்தால் பிரயோஜனமில்லை, எழுதியதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. இரண்டையும் எடுத்து, தளம் ஓடும் அதே ஹோஸ்டிங்கில் (வாடகை சர்வரில்) போட்டுவைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), தளம் செய்து கொடுத்தவருடையதில் இல்லாமல், உங்கள் மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று. 2024 அக்டோபரில், டபிள்யூபி எஞ்சின் என்ற வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங் நிறுவனத்தோடு நடந்த சண்டையில், அந்த நிறுவனத்தின் ஏசிஎஃப் (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்) ப்ளகின் இருந்த வேர்ட்பிரஸ் ப்ளகின் பட்டியல் பக்கத்தை வேர்ட்பிரஸ் தரப்பே எடுத்துக்கொண்டு 'செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்று பெயரை மாற்றியது. டேஷ்போர்டில் (தளத்தின் நிர்வாகப் பக்கத்தில்) திடீரென்று வேறு பெயரைப் பார்த்து "ஹேக் ஆகிவிட்டதா?" என்று எனக்கு போன் போட்டவர்கள் உண்டு. வாராவாரம் புது செல்போன்களுக்குப் பாதிப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சரி. அதன் ஓரத்தில் பாதுகாப்பு அப்டேட், ப்ளகின் ஓட்டை பற்றி நாலு வரி போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கும் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு